செய்யாததை முதலில் சொல்கிறவர்

அவரைத் தென்காசியில் எங்கள் காது மெஷின் சென்டரில் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அப்போது இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். எனக்கு நாற்பத்தைந்து. அவர் கண்ணாடி அறைக்குள் காதைப் பரிசோதித்து மெஷின் மாட்டுவார். நான் வெளியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பில் போடுவேன், இன்சூரன்ஸ் தாள்களை அனுப்புவேன். நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். புது ஆட்களோடு பேச வராது. கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் முகம் மறைந்திருக்கும் என்பதற்காகவே அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது.

மேடம் வேலைக்கு வந்த முதல் வாரம், சுரண்டையிலிருந்து ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி வந்தார். உட்காருவதற்கு முன்பே, “இருக்கதுலயே நல்ல மெஷினா எடுங்கம்மா” என்றார். எங்கள் முதலாளி எழுந்து நின்றுவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

மேடம் பரிசோதனை முடித்துவிட்டு, “அண்ணாச்சி, மொதல்ல இது என்ன செய்யாதுன்னு சொல்லிருதேன்” என்று ஆரம்பித்தார்.

“காதுக்குள்ள வண்டு இரையுதுன்னு சொன்னியல்லா, அது நின்னுரும்னு நான் சொல்ல மாட்டேன். கல்யாண வீட்டுப் பந்தியில பத்துப் பேரு ஒண்ணாப் பேசினா, பக்கத்து இலைக்காரரு பேச்ச மட்டும் பிரிச்சுத் தராது. உங்க பழைய காத இது திருப்பித் தராது.”

“பெறவு என்னத்துக்கும்மா இந்தக் கடைய வச்சிருக்கிய?”

“கடை என்னுது இல்ல அண்ணாச்சி. அந்தா நிக்காரே, அவருது.”

அண்ணாச்சி முதலாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். முதலாளி இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார். மேடம் ஒன்றும் நடக்காதது போல அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பத்து நாள் கழித்து அதே அண்ணாச்சி மறுபடியும் படி ஏறினார். வேறு ஊரில் விசாரித்துவிட்டு வந்திருந்தார். “அங்கன கேட்டா எல்லாம் செய்யும்ங்கான். எல்லாம் செய்யுத சாமான் ஒண்ண நான் முப்பது வருசத்துல என் கடையில வித்ததில்ல. நீங்களே மாட்டி விடுங்க” என்றார்.

அதற்காக மேடம் சந்தோஷப்படவும் இல்லை. “குளிக்கப் போனா கழட்டி வைக்கணும், அதையும் சொல்லிருதேன்” என்றார்.

இது அவருக்குத் தொழிலில் மட்டும் இருந்த பழக்கம் இல்லை. யாராவது அவரை டாக்டரம்மா என்று கூப்பிட்டால் பேச்சை நிறுத்தி, “நான் டாக்டர் இல்ல” என்று சொல்லிவிட்டுத்தான் தொடருவார். ஒரு தீபாவளிக்கு நான் எடுத்த சேலையைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். துணியைத் தொட்டுப் பார்த்தார். “மொதல்ல செய்யாததச் சொல்லிருதேன் அக்கா. இது உங்கள ஒல்லியாக் காட்டாது.”

“சரி, செய்யுதது?”

“பத்து வருசம் கிழியாது.”

அன்று ராத்திரி தோசை ஊற்றும்போது அதை நினைத்து நான் தனியாகச் சிரித்ததில் தோசை கருகிப்போனது. என்ன என்று வீட்டுக்காரர் கேட்டார். சொன்னேன். அவர் சேலையைப் பார்த்துவிட்டு, “அந்தப் பொண்ணு சொன்னது சரிதான்” என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்த நாளும் உண்டு. மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்திருந்தாள். பிள்ளைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மெஷின் மாட்டிய உடனே பிள்ளை அம்மா என்று கூப்பிடும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் புதுச் சேலை கட்டி வந்திருந்தாள். மேடம் வழக்கம்போல ஆரம்பித்தார். இன்றைக்குக் கூப்பிடாது, இந்த மாதமும் கூப்பிடாது, பேச்சு வர நாளாகும், தினமும் கூட உட்கார்ந்து பழக்க வேண்டும் என்றார். அந்தப் பெண் பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

அவள் போன பிறகு நான் மேடத்திடம், “ஒரு நாள் கழிச்சுச் சொல்லியிருக்கலாம்லா” என்றேன். நானாக அவரிடம் குறை சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் கருவிகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “ஒரு நாள் ஏமாந்து சந்தோசப்பட்டா, மறுநாள் கோவம் வரும் அக்கா. அது மெஷின் மேல வராது. பிள்ளை மேல வரும்.”

பிறகு ஜன்னல் வழியே பார்த்தவர், வெளியே தூறல் விழுவதைக் கண்டு குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கி ஓடினார். பஸ் ஸ்டாண்டு வரை அந்த அம்மாவோடு போய்விட்டு நனைந்து வந்தார். அன்று அவர் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு குற்றாலச் சீசன் சமயத்தில் கண்டக்டர் வந்து சேர்ந்தார்.

டவுன் பஸ் கண்டக்டர். ஐம்பது வயது, கட்டையான ஆள், மீசையில் பாதி வெள்ளை. சீசன் மாதங்களில் சனி, ஞாயிறு குற்றாலத்துக்கும், மற்ற நாளில் குத்துக்கல்வலசை வழியாக இலத்தூருக்கும் அவருடைய வண்டி ஓடும். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வலது காது அடைத்த மாதிரி ஆகி, அப்படியே போய்விட்டது. இடது காது நன்றாகக் கேட்கும். ஒரு காதுதானே என்று அவரும் கொஞ்ச நாள் விட்டுவிட்டார்.

“ஐந்தருவி ஸ்டாப்புல ஒரு நாள் மேடம்” என்று சொன்னார். “ஒரு பொம்பள கைப்பிள்ளையோட இறங்குதா. ஒரு காலு கீழ, ஒரு காலு படியில. என் வலது பக்கம் இருந்தவங்க எல்லாரும் இரு இருன்னு கத்தியிருக்காங்க. எனக்கு இடது பக்கத்துக் கூச்சல் மட்டும்தான் கேட்டுச்சு. நான் விசில் குடுத்துட்டேன். வண்டி நகந்துட்டு. யாரோ ஒரு புண்ணியவான் அவ கையப் பிடிச்சு உள்ள இழுத்துட்டான்.”

யாருக்கும் அடி இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் குனிந்து இரண்டு படியையும் பார்த்துவிட்டுத்தான் விசில் கொடுத்தார். வண்டி தாமதமானது. டிரைவர் திட்டினார். புகார் போனது. மாதக் கடைசிக்குள் காதுக்கு வழி பண்ணிக்கொண்டு வர வேண்டும், டெப்போவில் சோதனை வைப்போம், தேறாவிட்டால் உள்ளே மேசை வேலைதான் என்று சொல்லிவிட்டார்கள்.

“இருபத்திரண்டு வருசம் ஓடுத வண்டியில நின்ன காலு மேடம். மேசைக்கு அடியில வச்சா வீங்கிரும்” என்றார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

மேடம் நாற்காலியை அவருக்கு வலது பக்கம் இழுத்துப் போட்டு மெதுவாக ஏதோ சொன்னார். கண்டக்டர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மேடம் அவருக்கு இடது பக்கம் வந்து பேசினார்.

“மொதல்ல செய்யாததச் சொல்லிருதேன். வலது காது திரும்ப வராது. எந்தப் பக்கமிருந்து கூப்பிடுதாங்கன்னும் இது காட்டிக் குடுக்காது.”

“பெறவு என்ன மேடம் செய்யும்?”

“வலது காதுல ஒரு சின்ன மைக் இருக்கும். அந்தப் பக்கம் விழுத பேச்சப் பிடிச்சு, ஒயர் இல்லாம, இடது காதுல இருக்க இன்னொரு பாகத்துக்கு அனுப்பும். யாரோ கூப்பிட்டாங்கங்கது தெரியும். திரும்பிப் பாத்து யாருன்னு கண்டுபிடிக்கது உங்க வேலை.”

கண்டக்டர் இடது காதைத் தொட்டுப் பார்த்தார். “கூப்பிட்டது தெரிஞ்சாப் போதும் மேடம். நான் யாருன்னு பாத்துக்கிடுதேன்” என்றார்.

கண்ணாடி அறைக்குள் மாட்டிப் பார்த்ததில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேடத்துக்கு அது போதவில்லை. “இங்கன ஏசி ஓடுத சத்தம் மட்டும்தான் இருக்கு. வண்டியில பாக்கணும்” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வருகிறவர்களுக்கு மாட்டிப் பார்க்கவென்று சென்டரில் வைத்திருக்கும் மெஷினை அவருக்கு மாட்டிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு குற்றாலம் பஸ்ஸில் ஏறினார்.

நல்ல சாரல். திரும்பி வரும்போது அருவியில் குளித்து எழுந்த கூட்டம் முழுக்க அந்த வண்டிக்குள்தான் இருந்தது. ஈரத் துண்டு, எண்ணெய் வாடை, பக்கத்தில் யாரோ நேந்திரம் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தம். மேடம் பின்னால் வலது ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டு சாதாரணக் குரலில், “இலஞ்சி விலக்கு ஒண்ணு” என்றார். கண்டக்டர் சட்டென்று நிமிர்ந்தார். கண் விரிந்துவிட்டது. இடது பக்கம் பார்த்தார், முன்னால் பார்த்தார், அப்புறம் பின்னால் திரும்பி மேடத்தைக் கண்டுபிடித்தார். டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார், அவ்வளவுதான்.

அந்த வழியில் வழக்கமாக வருகிற கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் அவருக்கு வலது பக்கம் நின்றார்கள். ஒருவன் மற்றவனிடம், “ஏலே, டிக்கெட் எடுக்காத. இது அந்தச் செவிட்டுக் கண்டக்டருலே” என்றான்.

கண்டக்டர் தலையைத் திருப்பாமல் சொன்னார். “அவன் லீவுலே. நான் வேற ஆளு. அஞ்சு பேருக்கும் எடு.”

பஸ்ஸே சிரித்தது. டிக்கெட் எடுக்காதே என்று சொன்ன பையன்தான் முதலில் எடுத்தான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழாமல் இருக்கப் பாடுபட்டேன். மேடம் மட்டும் சிறிய நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ‘காற்று அடித்தால் இரைச்சல், சரி செய்ய வேண்டும்’ என்று இருந்தது.

எல்லாம் நன்றாக வரும்போது தப்புச் செய்தது நான்.

கண்டக்டருக்கு வேலை வழியாக ஒரு இன்சூரன்ஸ் உண்டு. அவர்கள் ஒத்துக்கொண்டால்தான் அவரால் அந்த மெஷினை வாங்க முடியும். நான் விண்ணப்பத்தைத் திறந்தேன். எந்தக் காது என்ற கேள்விக்கு மூன்று பொத்தான்கள் இருந்தன. இடது, வலது, இரண்டும். இரண்டு காதிலும் ஒவ்வொரு பாகம் மாட்டுகிறோமே என்று ‘இரண்டும்’ அழுத்தி அனுப்பினேன். நாலு நாளில் திரும்பி வந்தது. பரிசோதனைப்படி இடது காது நலமாக உள்ளது, நலமான காதுக்குக் கருவி தர இயலாது என்று எழுதியிருந்தார்கள்.

பயந்துபோய், மேடத்திடம் கேட்காமலே ‘வலது’ என்று மாற்றி மறுபடி அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. வலது காதில் கேட்கும் திறன் அறவே இல்லாததால் கருவியால் பயனில்லை என்றார்கள். அதோடு விடவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு விதமாகப் பில் வந்திருப்பதால் நேரில் வந்து விசாரிப்போம் என்று கடைசி வரி இருந்தது.

மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. கண்டக்டரின் பஸ் என் விரல் நுனியில் நின்றுபோன மாதிரி இருந்தது எனக்கு. மேடத்திடம் தாளை நீட்டினேன். வாசித்துவிட்டு, “மூணு பொத்தானும் தப்புதான் அக்கா” என்றார். திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

விசாரிக்க வருகிற அன்று காலையில் முதலாளி மேடத்தின் அறை வாசலில் நின்றார். “மேடம், இன்னைக்கு ஒரு நாள் மட்டும் செய்யுதத மொதல்ல சொல்லிருங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கேன்.”

“பாக்கேன் ஸார்” என்றார் மேடம்.

இன்சூரன்ஸ் அதிகாரி பதினொரு மணிக்கு வந்தார். வயதானவர், மெதுவாகப் பேசினார், ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்தார். கண்டக்டர் டூட்டி உடுப்போடு ஓரமாக நின்றார். அதிகாரி ஃபைலைத் திறந்து நேரே கேட்டார்.

“இந்த மெஷினப் போட்டா இவருக்கு வலது காது கேக்குமா?”

“கேக்காது” என்றார் மேடம்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

“இடது காதுக்கு மெஷின் தேவைப்படுதா?”

“தேவையில்ல ஸார்.”

“அப்புறம் இந்தப் பில்லுக்கு என்ன அர்த்தம்?”

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். “பில்லு அக்கா போட்டது. அவங்களே சொல்லுவாங்க.”

என்னை மாட்டிவிட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். எழுந்து நின்றேன். ஏதோ சொன்னேன். “என்னது?” என்றார் அதிகாரி. கண்டக்டர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் விசிலை இறுகப் பிடித்திருந்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை, கம்ப்யூட்டர் திரையை அப்படியே அவர் பக்கம் திருப்பிவிட்டேன். என் முகத்தை மறைக்க ஒன்றும் இல்லாமல் போனது.

“மூணு பொத்தான்தான் ஸார் இருக்கு. இவருக்கு மூணும் பொருந்தாது. வலது காதுல மாட்டுதது கேக்கதுக்கு இல்ல, எடுத்து அனுப்புததுக்கு. இடது காதுல மாட்டுதது அத வாங்கிக்கிடுததுக்கு. ரெண்டும் சேந்துதான் ஒரு மெஷின். ஒண்ண மட்டும் வச்சிக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. அத எப்படி எழுதன்னு தெரியாம ரெண்டு தடவையும் தப்பா எழுதிட்டேன். தப்பு என்னுது. அவருது இல்ல, மேடத்தோடதும் இல்ல.”

என் வாழ்க்கையில் ஒரு அதிகாரியிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

அதிகாரி மேடத்திடம், “எனக்குப் போட்டுக் காட்ட முடியுமா?” என்றார்.

மேடம் எழுந்த வேகத்தைப் பார்த்தபோதுதான் அவர் இதற்காகவே காத்திருந்தார் என்று தெரிந்தது. காது அச்சு எடுக்கிற ரோஸ் நிறப் பசையைப் பிசைந்து அதிகாரியின் வலது காதை அடைத்தார். அது இறுகியதும், இடது பக்கத்து ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டார். தென்காசி மெயின் ரோட்டுச் சத்தம் அத்தனையும் உள்ளே கொட்டியது. மேடம் வலது பக்கம் நின்று பேசினார். அதிகாரி, “பேச ஆரம்பிக்கலாம்” என்றார். முதலாளி சிரித்துவிட்டு உடனே இருமிச் சமாளித்தார்.

அப்புறம் மெஷினின் இரண்டு பாகங்களையும் மாட்டி, அதே இடத்தில், அதே குரலில் சொன்னார். “ஸார், ஸ்டாப் வருது, இறங்கணும்.”

அதிகாரி சட்டென்று ஜன்னலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. முன்னால் பார்த்தார். பிறகு மெதுவாக வலது பக்கம் திரும்பினார். வயதான முகத்தில் சின்னப் பிள்ளைச் சிரிப்பு.

“எந்தப் பக்கம்னு தெரியலியே” என்றார்.

“தெரியாது ஸார். அத எழுதிக்கிடுங்க.”

அவர் உண்மையாகவே எழுதிக்கொண்டார். மேடம் சொல்லச் சொல்ல, என்னவெல்லாம் செய்யாது என்று அரைப் பக்கம் எழுதினார். என்ன செய்யும் என்பதற்கு ஒரு வரிதான் வந்தது. இரண்டுக்கும் கீழே மேடத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். போகும்போது என்னிடம், “பொத்தான விட்டுட்டு ஒரு கடிதமா எழுதி அனுப்புங்கம்மா. இப்ப எங்கிட்டச் சொன்னத அப்படியே எழுதுங்க. நான் பாத்துக்கிடுதேன்” என்றார். அன்றைக்கே எழுதினேன். நாலு தடவை கிழித்துப் போட்டு ஐந்தாவது தடவை எழுதியதை அனுப்பினேன்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒப்புதல் வந்தது. கண்டக்டர் டெப்போவில் தேறிவிட்டார். இப்போதும் அந்த வண்டியில்தான் இருக்கிறார். ஆனால் எனக்கு மறக்க முடியாமல் இருப்பது, சோதனைக்கு முந்தின சாயங்காலம்.

கண்டக்டருக்கே என்று வந்த புது மெஷினை மதியம்தான் மாட்டினோம். அன்று அவருக்கு இலத்தூர் வண்டி. மேடத்தின் வீடு இலத்தூரில், என் வீடு குத்துக்கல்வலசையில். இரண்டு பேரும் ஏறினோம். வேலை விட்டுப் போகிற கூட்டம், நிற்க இடமில்லை.

“அக்கா, நீங்க வலது பக்கம் கடைசிக்குப் போங்க. உங்க ஸ்டாப்பக் கேளுங்க. சத்தத்தக் கூட்டக் கூடாது, உங்க குரல்லதான் கேக்கணும்” என்றார் மேடம்.

“எதுக்கு மேடம், மத்தியானமே எல்லாம் பாத்தாச்சே?”

“இதுவரைக்கும் நல்லா எழும்புத குரல்லதான் பாத்திருக்கோம். நாளைக்கு டெப்போவுல யாரு எப்படிப் பேசுவாங்கன்னு தெரியாது. உங்க குரலு கேட்டா எல்லாருதும் கேக்கும்.”

நான் போய் நின்றேன். எனக்கும் அவருக்கும் நடுவில் முப்பது பேராவது இருப்பார்கள். ஒரு விஷயம் நான் யாரிடமும் சொன்னதில்லை. கூட்டமான பஸ்ஸில் ஸ்டாப் கேட்க எனக்கு வாய் வராது. வேறு யாராவது இறங்கினால் கூடவே இறங்குவேன். இல்லாவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்ப நடப்பேன். பல வருடமாக அப்படித்தான்.

கண்டக்டர் படிக்கட்டுப் பக்கம் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய வலது காதுதான் என் பக்கம் இருந்தது.

“வலசை ஸ்டாப்புல இறங்கணும்” என்றேன்.

எனக்கு முன்னால் நின்ற பெண் கூடத் திரும்பவில்லை. கண்டக்டரின் கை நின்றது. தலையைத் தூக்கினார். டிரைவர் பக்கம் பார்த்தார். ஜன்னல் ஓரத்து ஆளைப் பார்த்தார். இன்னொரு ஆளைப் பார்த்தார். அப்புறம் முப்பது தலைகளைத் தாண்டி என்னைப் பார்த்து, விசிலை வாயில் வைத்து ஒற்றை விசில் கொடுத்தார். வண்டி நின்றது. “வழி விடுங்க, வலசைக்கு ஒரு அக்கா இறங்குதாங்க” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

இறங்கினேன். என் சொந்த ஸ்டாப்பில், என் வாயால் கேட்டு. அவர் இரண்டு படியையும் பார்த்துவிட்டு இரட்டை விசில் கொடுத்தார். வண்டி நகரும்போது ஜன்னல் வழியே மேடம் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். காற்றில் முடி முகத்தை மூடியிருந்தது. ஏதோ ஒரு குறையைத்தான் முதலில் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“கேட்டுட்டாரு அக்கா” என்று கத்தினார். “கேட்டுட்டாரு.”